எலியின் ஈரலும் தொழிலாளியின் ஈரலும்

சோதனைச்சாலையில் ஓர் எலிக்கு ஈரல் வீங்கினால் அது விஞ்ஞானம். ஆலையில் உழைக்கிற ஒரு மனிதனுக்கு ஈரல் வீங்கினால் அது குடிப்பழக்கம். முதலாளிமாரின் அகராதியில் நெடுங்காலமாக இப்படித்தான் எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக்கை இளக்குகிற ரசாயனங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தின் சோதனைச்சாலைகள் சொல்லி வருகிற செய்தியை, கடலூர், சிதம்பரம் வட்டாரத்து உழைக்கும் மக்கள் முன் இந்த வாரம் வைக்கிறோம். ஏன் குறிப்பாக அவர்கள் முன்? காரணம் இருக்கிறது.

செம்மண்டலத்தில் பஸ் ஏறி, முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையில் போகிறவருக்கு சிப்காட் எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், சொன்னான்சாவடி என்று, நெடுஞ்சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே கிடக்கிற கிராமங்கள் 1980-களிலிருந்து ரசாயன ஆலைகளின் காற்றைச் சுவாசித்து வருகின்றன. சர்க்கார் அளக்காத காற்றைக் கிராமத்து மக்களே வாளியும் பையும் கொண்ட எளிய கருவியால் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, 2004-ல் இருபதுக்கு மேற்பட்ட நச்சு ரசாயனங்கள் அதில் இருப்பதை உலகத்துக்குச் சொன்னார்கள். பிறகு நாகபுரியின் நீரி நிறுவனம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்காக ஆய்ந்து, இந்த வட்டாரத்தில் வாழ்கிறவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் சாதாரண அளவைப் போல் 2,000 மடங்கு என்று கணக்கிட்டது. 2021 மே மாதத்தில் பூச்சிமருந்து ஆலை ஒன்று வெடித்து நான்கு உயிர்கள் போயின. வெடித்துச் சாகிற சாவு பத்திரிகையில் வருகிறது. ஈரலுக்குள் இருபது ஆண்டு ஊறிச் சாகிற சாவு வருவதில்லை. நாம் பேசவிருப்பது இந்த இரண்டாவது சாவைப் பற்றி.

இதே சிப்காட்டில் 2009-ல் ஒரு பெரிய பி.வி.சி. ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கெம்பிளாஸ்ட் சன்மார் கம்பெனியின் ஆலை அது. அதே கம்பெனி மேட்டூரில் 1967-லிருந்தே பி.வி.சி. தயாரித்து வந்தது. கடலூர் ஆலைக்கு வேண்டிய வினைல் குளோரைடு கப்பலில் வருகிறது. சித்திரப்பேட்டைக் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து குழாய் வழியே உள்ளே வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டன் பி.வி.சி. பொடி இங்கே தயாராகிறது. நாட்டின் மிகப் பெரிய பி.வி.சி. ஆலைகளில் இதுவும் ஒன்று. ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகும் குழாயும், வீட்டுக்கு வெளிச்சம் கொண்டு வரும் ஒயரின் மேலுறையும் இந்தப் பொடியில் பிறந்தவையே. நம்முடைய கேள்வி வேறு.

வாசகர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பி.வி.சி. பொடி தன்னளவில் கடினமான சரக்கு. அதை அப்படியே உருக்கினால் விறைப்பான குழாய் கிடைக்கும். ஆனால் ஒயர் வளைய வேண்டும். செருப்பு மடங்க வேண்டும். ரெக்சின் துணி போல் விழ வேண்டும். ரத்தப் பை கசங்க வேண்டும். இதற்காக ஒரு வகை எண்ணெயைப் பொடியோடு கலந்து பிசைகிறார்கள். பட்டறைகளில் டி.ஓ.பி. என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ரசாயன நூல்களில் அதற்கு டைஎதில்ஹெக்சில் தாலேட் என்று பெயர். அதன் மூலப்பொருள்களில் ஒன்றான தாலிக் அன்ஹைட்ரைடு நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. வளைகிற பி.வி.சி. சாமானில் மூன்றில் ஒரு பங்கு எடை இந்த எண்ணெயாகவே இருப்பதுண்டு.

இதில் உள்ள சூட்சுமம் என்ன? இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு ரசாயனமாகக் கட்டுண்டு கிடப்பதில்லை. மாவுக்குள் எண்ணெய் இருப்பது போல் சும்மா தங்கியிருக்கிறது. கொழுப்பைக் கண்டால் அதற்குள் போய்விடும். சூடு பட்டால் ஆவியாகிக் கசியும். பழைய பஸ்ஸின் ரெக்சின் சீட் நாளடைவில் இறுகி வெடித்துப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் எண்ணெய் எங்கேயோ போய்விட்டது என்பதே அதற்குப் பொருள். எங்கே போயிற்று? காற்றிலும், தூசியிலும், உட்கார்ந்தவரின் உடம்பிலும் போயிற்று.

இந்த உண்மை வெளிப்பட்டதே ஓர் எலியின் ஈரலால்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜேகர், ரூபின் என்ற இரு விஞ்ஞானிகள், எலியின் ஈரலைத் தனியே எடுத்து அதற்குள் ரத்தத்தைச் செலுத்தி வேறு ஏதோ ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஈரலில் தாங்கள் போடாத ஒரு பொருள் சேர்ந்திருப்பதைக் கண்டு திகைத்தார்கள். தேடிப் பார்த்தால், ரத்தம் ஓடிய பிளாஸ்டிக் குழாயிலிருந்து இளக்கும் ரசாயனம் கசிந்து வந்திருந்தது. ரத்தப் பையில் வைத்த ரத்தத்திலும், அந்த ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் திசுக்களிலும் தாலேட் இருப்பதை அவர்கள் 1970-ல் வெளியிட்டார்கள். அதுவரை இந்தப் பொருளை ஊமைப் பொருள், உடம்பை ஒன்றும் செய்யாதது என்றே கம்பெனிகள் விற்று வந்தன.

பிறகு சோதனைகள் தொடர்ந்தன. டி.ஓ.பி. கலந்த தீனியைத் தின்ற எலிக்குச் சில நாளிலேயே ஈரல் பருக்கிறது. ஈரல் உயிரணுக்களுக்குள் பெராக்சிசோம் என்ற நுண்ணிய உறுப்புகள், கொழுப்பை எரிக்கும் சிறு அடுப்புகள் என்று சொல்லலாம், பல மடங்கு பெருகுகின்றன. தீனியை நிறுத்தினால் ஈரல் சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்பவும் செய்கிறது. நிறுத்தாமல் ஆயுள் முழுதும் கொடுத்தால்?

இந்தக் கேள்விக்கு 1982-ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் விடை சொன்னது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் 103 வாரம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு, இந்த ரசாயனத்தைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். பெண் சுண்டெலிகளின் கணக்கை மட்டும் இங்கே தருகிறோம். ரசாயனம் கொடுக்காத 50 சுண்டெலிகளில் ஒன்றுக்குக்கூட ஈரலில் புற்றுநோய் இல்லை. பத்து லட்சத்துக்கு 3,000 பங்கு கலந்து தின்ற 50-ல் 7-க்குப் புற்றுநோய். 6,000 பங்கு கலந்து தின்ற 50-ல் 17-க்குப் புற்றுநோய். பூஜ்யம், ஏழு, பதினேழு. பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் இந்த ஏறுமுகம் புரியும்.

இது அமெரிக்காக்காரன் கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நம் நாட்டு லக்னோவில் உள்ள தொழில் நச்சியல் ஆராய்ச்சி நிலையம் அதே 1982 வாக்கில் இதே ரசாயனத்தை எலிகளிடம் சோதித்தது. சேத், அகர்வால் முதலிய விஞ்ஞானிகள், தாலேட் உட்கொண்ட எலியின் ஈரலில் மருந்துகளைச் செரிக்கும் வேலை மாறிப் போவதை எழுதினார்கள். சாராயத்தை உடம்பு கையாளும் விதமும் சுண்டெலிகளில் மாறுவதை எழுதினார்கள். சர்க்கார் பணத்தில், சர்க்கார் சோதனைச்சாலையில், நம் விஞ்ஞானிகள் கண்டறிந்த செய்தி இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பி.வி.சி. பட்டறைத் தொழிலாளியின் காதுக்காவது அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களா?

சாராயத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே தீர வேண்டும். ஆலைத் தொழிலாளி மஞ்சள் காமாலையோ ஈரல் வீக்கமோ கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வி “குடிப்பாயா?” என்பது. எப்போதாவது குடித்ததுண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும், வழக்கு முடிந்தது. எங்கே வேலை செய்கிறாய், என்ன ரசாயனத்தைக் கையாளுகிறாய், எத்தனை ஆண்டாக என்ற கேள்விகள் வருவதில்லை. சோதனைச்சாலை எலி நியாயமாகப் பேசுகிறது: ரசாயனமும் சாராயமும் சேரும்போது ஈரலுக்குக் கேடு கூடுகிறது என்கிறது. வினைல் குளோரைடைச் சுவாசித்த எலிகளுக்குச் சாராயமும் கொடுத்தபோது ஈரல் கட்டிகள் அதிகமானதை 1981-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் குடிக்கிற தொழிலாளியை ரசாயனத்திலிருந்து இன்னும் கவனமாக அல்லவா காப்பாற்ற வேண்டும்? அவன் குடிப்பதையே சாக்காக வைத்து ரசாயனத்தை விடுதலை செய்வது எந்த ஊர் நீதி? இவ்வளவுக்கும், குடிக்கிற கடையை நடத்துவது சர்க்கார்!

இனி, முதலாளிகள் தரப்பு வாதத்துக்கு வருவோம். எதிர்வாதத்தை மறைத்துவிட்டு எழுதுவது நமக்கு வழக்கமில்லை. “எலி வேறு, மனிதன் வேறு. எலிக்குக் கொடுத்த அளவு மிகப் பெரியது, மனித ஈரலில் பெராக்சிசோம் அப்படிப் பெருகுவதில்லை” என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1980-ல், நம் தெலுங்கு மண்ணில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விஞ்ஞானி ஜனார்த்தன ரெட்டியும் அவரது சகாக்களும், பெராக்சிசோமைப் பெருக்கும் ரசாயனங்கள் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு புது வகை என்று எடுத்துக்காட்டினார்கள். 1990-ல் அந்தப் பெருக்கத்தைத் தூண்டிவிடும் பூட்டு ஒன்று ஈரல் அணுவுக்குள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. எலிகளின் ஈரலில் இந்தப் பூட்டு மிகச் சுலபமாகத் திறக்கும். மனிதனிடம் அவ்வளவு சுலபமல்ல. மார்மோசெட் என்ற சிறு குரங்குக்குப் பெரிய அளவில் கொடுத்தும் எலிக்கு வந்த கேடு வரவில்லை. நாம் உணவிலும் தூசியிலும் உட்கொள்ளும் அளவு சோதனை எலி தின்ற அளவில் மிகச் சிறு பங்கு என்பதும் மெய்யே.

இந்த வாதத்தின் பலத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2000-ல் தன் பட்டியலை மாற்றியது. “மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற வகுப்பிலிருந்து “வகைப்படுத்த இயலாதது” என்ற வகுப்புக்கு டி.ஓ.பி. இறக்கப்பட்டது. கம்பெனிகள் கொண்டாடின. விஷயம் அத்தோடு முடிந்ததா? இல்லை. ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தப் பூட்டே இல்லாத சுண்டெலிகளை வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த அளவில் டி.ஓ.பி. கொடுத்துப் பார்த்தார்கள். பூட்டு இல்லாவிட்டால் கட்டியும் வரக் கூடாதல்லவா? வந்தது. பூட்டு உள்ள சுண்டெலிகளைவிட அதிகமாகவே வந்தது. 2007-ல் இது வெளியாயிற்று. ஈரலைக் கெடுக்க இந்த ரசாயனத்துக்கு வேறு வழிகளும் உண்டு என்று இதற்கு அர்த்தம். 2011-ல் அதே ஆராய்ச்சி நிலையம் டி.ஓ.பி.யை மறுபடியும் “புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்ற வகுப்பில் ஏற்றியது. இறக்கிய செய்தியை உரக்கச் சொன்னவர்கள் ஏற்றிய செய்தியைச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

ஈரல் மட்டுமல்ல. எலிக் குட்டிகளின் ஆண் உறுப்புகள் வளர்வதை இந்த ரசாயனம் இன்னும் குறைந்த அளவிலேயே கெடுக்கிறது. ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு நிலையம் 2019-ல் நான்கு தாலேட்டுகளுக்குச் சேர்த்து, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதித்தபோது இந்தக் கேட்டைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தில் தாலேட் ஏறுவதற்குக் காரணம் சமையற்கூடத் தொழிலாளிகள் அணிந்த பி.வி.சி. கையுறையே என்று கண்ட ஜப்பான், 2000-ல் அந்தக் கையுறையை உணவுத் தொழிலிலிருந்து விலக்கியது. குழந்தைகளின் பொம்மையில் ஆயிரத்துக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பா 2005-லும், அமெரிக்கா 2008-லும் சட்டம் செய்தன. நம் நாட்டில் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரியில். இருபது ஆண்டு நம் குழந்தைகள் என்னத்தைக் கடித்தன என்று கேட்பதில் இனிப் பயனில்லை. திருவிழாக் கடையில் விற்கும் முத்திரையில்லாப் பொம்மையை யார் சோதிக்கிறார் என்று கேட்கலாம்.

ரத்தப் பையின் கதை சிக்கலானது. டி.ஓ.பி. ரத்தத்தில் கசிகிறது, ஆனால் அதே டி.ஓ.பி. சிவப்பணுக்களின் உறையைக் காத்து ரத்தம் கெடாமல் இருக்கவும் உதவுகிறது. கண்ணாடிப் பாட்டில் உடைந்த காலத்தைவிட இந்தப் பை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரை நிலையம் இந்தப் பையை நம் நாட்டிலேயே செய்யும் வித்தையை உருவாக்கியது நாம் பெருமைப்பட வேண்டிய காரியம். ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியவர் பயந்து மறுக்கக் கூடாது. ஆனால் குறைமாதத்தில் பிறந்து, உடம்பெங்கும் குழாய் செருகப்பட்டுக் கிடக்கும் சிசுவின் நிலை வேறு. ஆண் சிசுக்களுக்கு இயன்றவரை மாற்றுக் குழாய்களைப் பயன்படுத்தும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2002-லேயே ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியது. மாற்று இளக்கிகள் சந்தையில் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடும், அவ்வளவே. கடலூர் தலைமை ஆஸ்பத்திரியிலும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலும் பிறக்கும் ஏழைக் குழந்தைக்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டியது சர்க்காரே.

இதுவரை சொன்னது இளக்கும் எண்ணெயைப் பற்றி. அந்த எண்ணெயைச் சேர்ப்பதற்கு முன்பே, பொடி பிறக்கும் இடத்தில், அதைவிடக் கொடிய ஈரல் பகைவன் ஒருவன் இருக்கிறான். வினைல் குளோரைடு வாயு. இவன் விஷயத்தில் “கூடும்”, “இயலாது” என்ற இழுபறி எதுவும் இல்லை. மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறான் என்று முதல் வகுப்பில் எழுதியாயிற்று. எலி முன்கூட்டியே சொல்லியும், மனிதன் செத்த பிறகே உலகம் கேட்டது என்பதால் இந்தச் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1970-ல் இத்தாலிய டாக்டர் வயோலா, வினைல் குளோரைடைச் சுவாசித்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை சர்வதேசப் புற்றுநோய் மகாநாட்டில் அறிவித்தார். கம்பெனிகள் கலவரமடைந்தன. போலோஞ்ஞா நகரத்து விஞ்ஞானி மால்டோனியிடம் தங்கள் செலவில் விரிவான ஆராய்ச்சி செய்யச் சொன்னார்கள் ஐரோப்பிய முதலாளிகள். மால்டோனியின் எலிகள் இன்னும் தெளிவாகப் பேசின. பத்து லட்சத்துக்கு 250 பங்கு என்ற அளவிலேயே ஈரலின் ரத்தக் குழாய்களில் ஒரு விசேஷப் புற்றுநோய் தோன்றியது. அந்நாளில் அமெரிக்கத் தொழிலாளி சட்டப்படி சுவாசிக்கலாம் என்று விடப்பட்டிருந்த அளவு 500! அமெரிக்கக் கம்பெனிகள் இந்த முடிவுகளைத் தெரிந்துகொள்ள 1972-ல் ஒப்பந்தம் செய்தன. எப்படிப்பட்ட ஒப்பந்தம்? ரகசியம் காக்கும் ஒப்பந்தம். 1973-ல் அமெரிக்க சர்க்காரின் தொழில் சுகாதார அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசியபோதும் மால்டோனியின் ஈரல் கண்டுபிடிப்பைச் சொல்லாமல் வந்தார்கள்.

1974 ஜனவரியில் மறைக்க முடியாமல் போயிற்று. லூயிவில் நகரத்து குட்ரிச் கம்பெனி ஆலையில் மூன்று தொழிலாளிகள் அதே அபூர்வ ஈரல் புற்றுநோயில் மாண்டது ஆலை டாக்டரின் கண்ணில் பட்டது. சாதாரணமாக ஒரு டாக்டர் தன் ஆயுளில் ஒரு தடவைகூடக் காணாத நோய் அது. ஒரே ஆலையில் மூன்று! பி.வி.சி. கொதிகலத்துக்குள் இறங்கி, சுவரில் ஒட்டிய கட்டிகளைக் கையால் செதுக்கி எடுக்கும் வேலை செய்தவர்களே முதலில் பலியானார்கள். எலி சொன்னதும் மனிதன் செத்ததும் ஒன்றே என்றாயிற்று.

உடனே வரம்பை ஒரு பங்காகக் குறைக்க அமெரிக்க சர்க்கார் முனைந்தபோது முதலாளிகள் என்ன சொன்னார்கள்? தொழிலே அழிந்துவிடும், இருபது லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று கூக்குரலிட்டார்கள். 1975-லிருந்து ஒரு பங்கு என்ற சட்டம் அமலுக்கு வந்தது. தொழில் அழிந்ததா? இல்லை. மூடிய கொதிகலங்கள் வந்தன; உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவும் முறை வந்தது; தப்பிப் போன வாயுவைப் பிடித்து மறுபடி உபயோகித்ததில் கம்பெனிக்கே லாபம் வந்தது. இன்று கடலூரில் “வேலை போய்விடும்” என்று மிரட்டப்படுகிற தொழிலாளிகள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தாலியில் நடந்ததும் அறிய வேண்டியது. வெனிஸ் நகருக்கு அருகே போர்ட்டோ மார்கேராவில், கேப்ரியேல் போர்ட்டோலோட்ஸோ என்ற தொழிலாளி தன்னுடன் வேலை செய்து மாண்டவர்களின் பட்டியலைத் தானே ஒவ்வொன்றாகச் சேகரித்தார். யார், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு, என்ன நோய் என்று எழுதி 1994-ல் அரசாங்க வழக்கறிஞரிடம் கொடுத்தார். மறு ஆண்டு அவர் சாலை விபத்தில் இறந்தார். அவர் கொடுத்த பட்டியல் இறக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகள் கூண்டில் ஏறினார்கள். 2001-ல் எல்லோரும் விடுதலையானார்கள். 2004-ல் மேல்கோர்ட்டு ஐந்து முன்னாள் நிர்வாகிகளை ஒரு தொழிலாளியின் சாவுக்குப் பொறுப்பாளிகள் என்று தீர்த்தது. நூற்றுக்கு மேற்பட்ட சாவுகளில் ஒன்றுக்கு மட்டும் நீதி! ஆனாலும், பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்ட ஒரு தொழிலாளி இல்லாவிட்டால் அந்த ஒன்றும் கிடைத்திராது.

நம் ஊருக்குத் திரும்புவோம். கடலூர் ஆலையில் இன்னாருக்கு இன்ன நோய் வந்தது என்று நாம் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. இன்றைய மூடிய கொதிகலம் லூயிவில்லின் பழைய கொதிகலமல்ல என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் வினைல் குளோரைடு உண்டாக்கும் ஈரல் புற்றுநோய் வெளிப்படச் சராசரியாக இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். 2009-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது வேலைக்குச் சேர்ந்த வாலிபனுக்கு அந்த இருபது ஆண்டு 2029-ல் நிறைகிறது. அவன் அதற்குள் நாலு கான்ட்ராக்டரிடம் மாறியிருப்பான்; ஊரே மாறியிருப்பான். அவன் எத்தனை பங்கு சுவாசித்தான் என்ற கணக்கு எந்த ரிஜிஸ்டரில் இருக்கும்?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வினைல் குளோரைடுக்குப் பத்து லட்சத்துக்கு 5 பங்கு என்று வரம்பு வைத்திருந்தது. அமெரிக்கத் தொழிலாளிக்கு 1975-லேயே 1 பங்கு. நம் தொழிலாளிக்கு 5. நம்முடைய ஈரல் ஐந்து மடங்கு உறுதியானதா? அந்தச் சட்டத்தை அகற்றிவிட்டு 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ வேறொரு காரியம் செய்தது. மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்திவிட்டது. டி.ஓ.பி.யைப் பொடியோடு பிசைந்து ஒயரும் செருப்பும் டியூபும் செய்யும் பட்டறைகளில் எத்தனை, இருபது பேருக்கு மேல் வைத்து நடத்துகின்றன? சூடான கலவையின் ஆவி முகத்தில் அடிக்க, மின்விசிறிகூட இல்லாத கொட்டகையில் ஏழெட்டுப் பேர் வேலை செய்கிற இடம் தொழிற்சாலையே அல்ல என்று சட்டம் சொல்லிவிட்டால் அங்கே இன்ஸ்பெக்டர் எதற்கு வருவார்? அபாயகரமான வேலை என்று மத்திய சர்க்கார் அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் சட்டம் பொருந்தும் என்ற ஒரு கதவு அதே தொகுப்பில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து பி.வி.சி. கலக்கும் பட்டறைகளை அந்த அறிவிப்பில் சேர்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டு எம்.பி.க்கள் வற்புறுத்த வேண்டும்.

ஆண்டுக்கொரு வைத்தியப் பரிசோதனை உண்டே என்பார்கள். என்ன பரிசோதனை? எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஒரு முத்திரை. வினைல் குளோரைடு ஈரலைக் கெடுக்கும்போது வழக்கமான ரத்தப் பரிசோதனை நெடுநாள் சரியாகவே காட்டும். அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்தால்தான் முன்கூட்டித் தெரிய வாய்ப்புண்டு. அந்தப் பரிசோதனையின் முடிவும் தொழிலாளியின் கையில் தரப்பட வேண்டும். நிர்வாகத்தின் அலமாரியில் பூட்டி வைப்பதற்கல்ல அது. மால்டோனியின் எலிகள் சொன்னதைப் பூட்டி வைத்த கதையை மேலே பார்த்தோம்.

இதற்கு ஆள் பலம் இல்லை என்று சொல்ல முடியாது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் உயிர்வேதியியல் துறையிலிருந்து எலியின் ஈரலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. கீழாநெல்லி போன்ற மூலிகைகள் ஈரலைக் காக்குமா என்று ஆராய்கிற கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2013-ல் பல்கலைக்கழகத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரியும் பின்னர் நேரடியாகச் சர்க்காரிடம் வந்தது. எலியின் ஈரலைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிபுணர்களுக்கும், முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ரசாயனத்தில் வேலை செய்கிற மனிதனுக்கும் இடையே ஒரு பாலம் போட எந்த வெளிநாட்டு நிபுணரும் தேவையில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காவிரித் தண்ணீரிலும் வண்டலிலும் தாலேட்டுகளை அளந்து 2015-ல் வெளியிட்டார்களே, உப்பனாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் அதே வேலையைச் செய்ய என்ன தடை?

ஆகவே நாம் கோருவது இது. சிப்காட்டின் பி.வி.சி. ஆலையிலும், மாவட்டத்துப் பிளாஸ்டிக் பட்டறைகளிலும் வேலை செய்கிற, வேலை செய்து நின்றுபோன, நிரந்தர, கான்ட்ராக்ட் தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் பெயர்வாரியாக ஒரு ரிஜிஸ்டர் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் திறக்கப்பட வேண்டும். நாற்பது ஆண்டு அது அழிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும். சிதம்பரம் மருத்துவக் கல்லூரியில் அவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச ஈரல் பரிசோதனை நடத்தி, முடிவை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். ஆலை வேலியோரக் காற்றில் வினைல் குளோரைடு எவ்வளவு என்று அளந்து, குடிகாடு, ஈச்சங்காடு, சித்திரப்பேட்டைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வினைல் குளோரைடுக்குச் சட்ட வரம்பு 1 பங்கு என்று மாற வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயாளியின் வேலை என்ன என்று எழுத ஒரு கட்டம் போடுவதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

தொழிற்சங்கங்களுக்கு நம் யோசனை ஒன்று உண்டு. சர்க்கார் ரிஜிஸ்டர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். பெயர், பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த ரசாயனம், என்ன நோய், எந்த டாக்டர் என்ன சொன்னார் என்ற ஆறே பத்திகள் போதும். வேலையை விட்டுப் போனவர்களின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.